தரையில் பிறை விரிசல், கூரையில் பழுப்புக் கோடு: பழைய வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி:

மடிப்பாக்கம் பக்கம் 1998-இல் கட்டிய தனி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கீழே கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறை. மாடியில் ஓர் அறையும் ஒரு குளியலறையும். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடு, இப்போது உள்ளும் புறமும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கூடத்து மொசைக் தரையின் நடுவில் பிறை போல வளைந்த விரிசல் இருக்கிறது. என் மகன் பந்தை எந்தப் பக்கம் உருட்டினாலும் அங்கேயே வந்து நிற்கிறது. சமையலறைக் கூரையில் பழுப்புக் கோடுகள். மாடி அறையில் கூரைக்குக் கீழே நாலு சுவரிலும் சுற்றி ஓடும் விரிசல். மாடிக் குளியலறைக் குழாயைத் தொட்டால், கெய்சர் போடாமலே லேசாக ஷாக் அடிக்கிறது. கீழ்ப் படுக்கையறையில் குளியலறையை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பட்டி உப்பியிருக்கிறது. ஒரு விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது. வாசல் நிலைக்கு அடியில் மாவு போலத் தூள். மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தரகரோ, "பழைய வீடுன்னா இதெல்லாம் இருக்கத்தாம்மா செய்யும்" என்கிறார். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

– ஒரு வாசகி, சென்னை

ஆலோசனை:

அன்புள்ள வாசகிக்கு,

இந்த வாரம் முன்பணம் கொடுக்காதீர்கள். வீடு மோசம் என்று சொல்ல வரவில்லை. கூடத்துத் தரைக்கும் சமையலறைக் கூரைக்கும் காரணம் தெரியாத வரை இந்த வீட்டுக்கு என்ன விலை தகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழாயில் அடிக்கும் ஷாக் உயிர் சம்பந்தப்பட்டது, ஆனால் குறைந்த செலவில் தீரக்கூடியது. மாடி அறையைச் சுற்றி ஓடும் விரிசல் பார்க்கத்தான் பயமாக இருக்கும்; நீங்கள் எழுதியதிலேயே லேசான சமாச்சாரம் அதுதான்.

முதலில் கூடத்துத் தரை. நம் ஊர் வீடுகளில் தரை சுவர் மேல் உட்கார்ந்திருப்பதில்லை. சுவரையும் தூணையும் அஸ்திவாரம் தாங்கும். தரையோ, பேஸ்மென்ட்டுக்குள் கொட்டி நிரப்பிய மண்ணின் மேல் சுமார் 4 அங்குலக் கான்கிரீட் போட்டு, அதன் மேல் மொசைக் பதித்தது. அதனால் தரை தனியாக இறங்கலாம், சுவர் அசையாமலே நிற்கலாம். எங்கே, எந்த வடிவத்தில் இறங்கியிருக்கிறது என்பதிலிருந்தே காரணத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். அறை முழுக்கச் சீராக இறங்கி, ஸ்கர்ட்டிங்குக்குக் (சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டை) கீழே ஒரே அளவு இடைவெளி தெரிந்தால், நிரப்பிய மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். குளியலறைச் சுவரை ஒட்டி மட்டும் பள்ளமானால், கழிவுநீர்க் குழாய் உடைந்து மணலை அரித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சுவர் ஓரத்தில் அங்கங்கே திடுக்கென்று உள்வாங்கினால் பெருச்சாளி வளையாக இருக்கலாம்; அஸ்திவாரத்தை ஒட்டி வெளியே புதுமண் குவியல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் கூடத்தில் விரிசல் வளைவாக இருக்கிறது, அறையின் நடுவில் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூடிய கிணற்றை. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கமெல்லாம் வயலாக இருந்து மனையான நிலம். வயல் கிணறும் உண்டு, பிறகு வீடு வந்த காலத்து உறைக்கிணறும் உண்டு. மனை சின்னதாக இருந்தால் கிணற்றைத் தூர்த்து அதன் மேலேயே கட்டிவிடுவார்கள். தூர்க்கும்போது உள்ளே போவது செங்கல் உடைசல், தென்னை மட்டை, மரத்துண்டு என்று கையில் கிடைத்ததெல்லாம். மரமும் மட்டையும் மக்கி இடம் விடும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நிலத்தடி நீர் மேலேறி, கோடையில் இறங்கும்போது, இடுக்குகளில் இருக்கும் பொடி மண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். மேலே இருக்கும் கான்கிரீட் சில காலம் பாலம் போலத் தாங்கும். பிறகு கிணற்று விளிம்பை ஒட்டி வளைவாக வெடிக்கும். பழைய கழிவுநீர்த் தொட்டியின் மேல் கட்டியிருந்தால் பள்ளம் பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கும்.

இதைத் தரையை உடைக்காமலே பெருமளவு தெரிந்துகொள்ளலாம். விற்பவரின் பத்திரத்தோடு மூலப்பத்திரங்களையும் கேட்டு வாங்கிச் சொத்து விவரத்தைப் படியுங்கள். 1998-க்கு முந்தைய பத்திரத்தில் "கிணறு உட்பட" என்றோ, "கிணற்றில் பொதுப் பாத்தியம்" என்றோ ஒரு வரி இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. சர்வே எண்ணுக்கான புல வரைபடத்தில் பாசனக் கிணறு குறிக்கப்பட்டிருக்கும். அதில் காட்டிய அளவை வைத்து மனைக்குள் எங்கே வருகிறது என்று கணக்கிடலாம். தெருவில் நெடுநாளாக இருக்கும் பெரியவர்களையும் கேளுங்கள். "இங்க ஒரு கிணறு இருந்துச்சே" என்று விரலை நீட்டிக் காட்ட ஒருவராவது இருப்பார்.

அடுத்தது அளவு. கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10 மீட்டர் நீள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கூடத்தின் ஒரு மூலையில் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பென்சில் கோடு போடுங்கள். அதே மட்டத்தை மற்ற மூன்று மூலைக்கும் கொண்டுபோய்க் குறித்து, குறுக்கே நூல் கட்டி, நூலிலிருந்து தரை வரை ஓரடிக்கு ஓர் அளவு எடுங்கள். நாலு மூலையும் 1 மீட்டரை ஒட்டியே வந்து, நடுவில் மட்டும் 1 மீட்டர் 2 செ.மீ., 3 செ.மீ. என்று வந்தால் பள்ளத்தின் விட்டமும் மையமும் தாளில் வரைந்தாற்போலத் தெரிந்துவிடும். கடப்பாரையின் பின்முனையால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில் ஓசை மாறும். அந்த எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். விற்பவர் சம்மதித்தால் நடுவில் 3 அல்லது 4 அங்குலத் துளை ஒன்றை இயந்திரத்தால் வெட்டி, 12 மி.மீ. கம்பியைக் கையால் இறக்கிப் பார்க்கலாம். திமிசு போட்ட மண் சீக்கிரமே தடுக்கும். கம்பி 4 அடிக்கு மேல் தடையில்லாமல் போனால் கீழே இருப்பது வீட்டு நிரப்பு மண் இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பள்ளத்தைத் திறந்து ஆளை இறங்கவிடாதீர்கள். மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுவிடக் காற்று இருக்காது.

கிணறு என்று உறுதியானால்கூட வீட்டை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கிணற்று விளிம்புக்கும் பக்கத்துத் தூணுக்கும் அல்லது சுவருக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. கூடத்தின் நடுவில், நாலு பக்கமும் தள்ளி இருந்தால் வைத்தியம் நேரானது. தளர்ந்த நிரப்பை முடிந்த ஆழத்துக்கு மேலிருந்தே அள்ளிவிட்டு, கிராவலும் மணலும் 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசு போட்டு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போட வேண்டும். அந்த மூடி விளிம்புக்கு வெளியே எல்லாப் பக்கமும் 2 அடியாவது கெட்டி மண்ணில் உட்கார வேண்டும். விளிம்போடு நின்றுவிட்டால் சில வருடத்தில் மறுபடி இதே கதைதான். கிணற்று விளிம்பு ஏதாவது ஒரு தூணுக்கு 6 அடிக்குள் வருகிறது என்றால் அது கொத்தனார் முடிவு செய்யும் விஷயமில்லை. தூணின் பாரத்தைத் தாங்கும் மண் கிணற்றுப் பக்கம் நெகிழக்கூடும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுத்தில் கருத்துத் தரும் வரை காத்திருங்கள். சுவரில் படிக்கட்டு போலச் செங்கல் வரிசையில் ஏறும் விரிசல், மூலைவாட்டில் ஓடி மேலே போகப் போக அகலமாகும் விரிசல், திடீரென்று இறுகிக்கொண்ட கதவு ஆகியவை அஸ்திவாரமே அசைவதன் அடையாளங்கள். கூடத்தைச் சுற்றிய சுவர்களில் இவை இருக்கின்றனவா என்று டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். புதுப் பெயிண்டுக்கு அடியில் பட்டி நிரப்பிய விரிசல்கூட அந்த வெளிச்சத்தில் தழும்பாகத் தெரியும்.

இனி சமையலறைக் கூரை. கறை வெள்ளையாக, சுண்ணாம்பு வழிந்தது போல இருந்தால் தளத்தின் வழியே தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். பழுப்பாக இருந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. பழுப்புக் கோடுகள் சுமார் 6 அங்குலத்துக்கு ஒன்றாக இணையாக ஓடினால், கம்பி போன வழியே துரு வெளியே வந்திருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். அந்த நெருக்கலில் கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் உப்பிப் பிரிந்து, ஒரு நாள் பலகையாக விழும். ஏணி வைத்து ஏறி, சின்னச் சுத்தியலால் ஓரடிக்கு ஓரிடம் தட்டச் சொல்லுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், பிரிந்த இடம் டொக்கென்று கேட்கும். தட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடியும் தலைக்கு ஹெல்மெட்டும் கட்டாயம்.

துரு எதனால் வந்தது என்பதைப் பொறுத்தே விலை பேச வேண்டும். உங்கள் சமையலறைக்கு நேர் மேலே மாடிக் குளியலறை வருகிறதா? வந்தால், பெரும்பாலும் அதன் பள்ளத் தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். குளியலறைத் தளத்தைத் தாழ்த்திப் போட்டு, குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் உடைசலால் நிரப்பியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீரை அந்த உடைசல் உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். இதற்குப் பரிகாரம் உண்டு. மேலே தண்ணீர்த்தடை செய்து, கீழே பழுதைச் சரிசெய்தால் வீடு நீண்ட காலம் நிற்கும்.

தண்ணீரே படாத படுக்கையறைக் கூரையிலும், ஜன்னல் மேல் சன்ஷேடுகளிலும், தூண்களின் மூலைகளிலும் அதே பழுப்பு இருந்தால் நிலைமை வேறு. கட்டும்போதே உப்புத் தண்ணீரிலோ கழுவாத மணலிலோ கான்கிரீட் கலந்திருக்கலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு. சோதிக்காமல் போர்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் அந்த உப்பு வீடு முழுக்கக் கான்கிரீட்டுக்குள் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஓரிடத்தைக் கொத்திப் புதுக் கலவை பூசினால், பூசிய இடம் நன்றாக இருக்கும். அதன் விளிம்பை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் துரு இன்னும் வேகமாகக் கிளம்பும். வருடத்துக்கு ஓர் அறை என்று பூசிக்கொண்டே இருக்க வேண்டிவரும். இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் நான் வீட்டையே வேண்டாம் என்று சொல்வேன்.

எந்த வகை என்று உறுதியாகத் தெரிய, இன்ஜினியர் கான்கிரீட்டில் சின்னத் துளை போட்டு, தூசியை ஊதிவிட்டு, பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார். காரத்தன்மை மாறாத கான்கிரீட் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். காற்றுப்பட்டுக் காரம் போன கான்கிரீட் நிறம் மாறாது. தளக் கம்பிக்குக் கீழே அதை மூடியபடி குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் ('கவர்') இருக்க வேண்டும். நிறம் மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. கான்கிரீட் தூளை ஆய்வகத்தில் கொடுத்தால் குளோரைடு அளவும் வந்துவிடும். "நாங்களே பூசிக் கொடுத்துடறோம்" என்று விற்பவர் முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். துரு மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் அத்தாட்சிதான் மறையும். சரியான வேலை என்பது முட்டுக் கொடுத்து, பிரிந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்து, கம்பியை வெள்ளையாகும் வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சும் ஒட்டுப் பூச்சும் அடித்து, பாலிமர் கலந்த கலவையை மெல்லிய அடுக்குகளாகப் பூசுவது. கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்.

ஷாக் விஷயத்துக்கு வருவோம். கெய்சர் போடாமலே குழாயில் ஷாக் அடிப்பது புதிர் போலத் தோன்றும். வீடு முழுக்க எர்த் ஒயர்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அவை போய்ச் சேரும் எர்த் குழியில் ஒயர் அரித்து அறுந்திருந்தால், எங்கோ ஒரு சாதனத்தில் கசியும் மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் எல்லா எர்த் ஒயரிலும் ஏறி நிற்கும். கெய்சரின் உடம்பும் அதே ஒயரில்தான் இருக்கிறது, அதிலிருந்து குழாய்க்கும் தண்ணீருக்கும் வருகிறது. பூட்டிய வீட்டில் கசியக்கூடிய முக்கியச் சாதனம் தண்ணீர் மோட்டார். மோட்டார் ஓடும்போது மட்டும் ஷாக் அடிக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள், கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். தண்ணீருக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டாருடைய கேபிளின் இன்சுலேஷன் கிழிந்திருந்தால் இதுதான் நடக்கும். மெயினை அணைத்த பிறகும் குழாயில் மின்னழுத்தம் இருந்தால் கசிவு இந்த வீட்டுடையது அல்ல.

இதோடு இன்னொன்றைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். மூன்று பின் சாக்கெட்டைத் திறந்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு துண்டு ஒயர் போட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். எர்த் குழி போடாமலே "எர்த் இருக்கு" என்று காட்டும் குறுக்குவழி அது. சோதனை விளக்கை ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் ஒயர்) எர்த்துக்கும் வைத்தால் பளிச்சென்று எரியும், பார்ப்பவரும் திருப்தியாகப் போய்விடுவார். தெருவிலிருந்து வரும் நியூட்ரல் என்றைக்காவது அறுந்தால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறி நிற்கும். கண்டுபிடிக்க வழி இதுதான்: எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு, இரண்டு துருவத்தையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைக்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. பூஜ்யம் காட்டினால் எங்கோ சேர்த்திருக்கிறார்கள்.

மெயின் பெட்டியில் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா? இருந்தால் விளக்குகளை எரியவிட்டு அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். அது விழுந்து விளக்கும் அணைந்தால் நல்லது. விழுந்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ஒயரை அதற்கு வெளியே சுற்றி பைபாஸ் செய்திருக்கிறார்கள். நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்த வீட்டில் ஆர்.சி.சி.பி. ஓயாமல் விழும், காரணத்தைத் தேடாமல் அதையே முடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. எர்த் நன்றாக இருந்தாலும் இது ஏன் தேவை என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் பழுதில் பாயக்கூடியது 46 ஆம்ப். வீட்டில் பொதுவாகப் போடும் 16 ஆம்ப் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் விழும் சுவிட்ச்) உடனே விழ அதன் ஐந்து மடங்காவது, அதாவது 80 ஆம்ப் வேண்டும். எம்.சி.பி. விழுவதற்குள் ஆள் விழுந்துவிடுவார். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. அந்த நேரத்தைத் தராது. புது எர்த் குழி, எர்த் ஒயர், ஆர்.சி.சி.பி. மூன்றையும் குடிபோகும் முன்பே போட்டுவிடுங்கள். பெயிண்டுக்கும் ஜன்னல் திரைக்கும் முந்தைய செலவு இது.

அணைத்த பிறகும் மங்கலாக எரியும் விளக்குக்குக் காரணம் அநேகமாகச் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பது, இல்லையென்றால் சுவிட்சிலேயே இருக்கும் சிவப்பு இண்டிகேட்டர். சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஹோல்டரில் டெஸ்டர் எரிந்தால் முதல் காரணம்தான். பல்பு மாற்றுகிறவருக்கு அது ஆபத்து. ஒயரை மாற்றிப் போட எலக்ட்ரீஷியனுக்கு அதிக நேரம் பிடிக்காது.

படுக்கையறைச் சுவரைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். எட்டு மாதமாகக் குளியலறையில் தண்ணீர் ஓடவில்லை. அப்படியும் பட்டி உப்பியிருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: பழைய ஈரத்தின் உப்பு புதுப் பெயிண்டைத் தள்ளுகிறது, அல்லது தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் குளியலறைச் சுவரோடு நிற்காது. கீழ்த்தளத்தின் வெளிச்சுவர்களிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அலைக்கோடு போலத் தெரியும், வெள்ளை உப்புப் பூக்கும். அந்த ஒரு சுவரில் மட்டும் என்றால் குளியலறைதான். பூட்டிக் கிடந்த வீட்டில் சுவர் காய்ந்திருப்பதை நம்பிவிடாதீர்கள். மேல் தொட்டியை நிரப்பி, இரண்டு மூன்று நாள் எல்லாக் குழாயையும் ஓட்டச் சொல்லி, பிறகு போய்ப் பாருங்கள்.

அப்படிப் போகும்போது சாயங்காலம் குழாய்களை எல்லாம் மூடி, தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, காலையில் பாருங்கள். மோட்டாரை அணைத்திருக்க வேண்டும். சுமார் 1.1 மீட்டர் விட்டமுள்ள 1,000 லிட்டர் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 9 லிட்டருக்கு மேல் எங்கோ போயிருக்கிறது. தொட்டியிலிருந்து இறங்கும் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி மறுபடி பார்த்தால் எந்த லைன் என்று தெரியும். மட்டம் இறங்கவில்லை, சுவர் மட்டும் நனைகிறது என்றால் குழாயில் குறையில்லை; டைல்ஸ் இடுக்கோ நஹானி டிராப்போ (குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேறும் வாய்) கசிகிறது. டிராப் வாயைத் துணியால் இறுக அடைத்து, சொட்டு நீலம் கலந்த தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு நிறுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். மாடிக் குளியலறையிலும் இதையே செய்தால் சமையலறைக் கூரைக்கும் விடை கிடைக்கும். பூட்டிய வீட்டுக் குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் உடனே கவலைப்பட வேண்டாம். டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு வாளி ஊற்றி, மறுநாளும் நாற்றம் இருந்தால் மட்டும் காரணம் தேடுங்கள்.

மாடி அறையின் சுற்று விரிசல், வெயிலில் கூரைத் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. 4 மீட்டர் நீளக் கான்கிரீட், 20 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீளும். கீழே இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவு சூடாவதில்லை, கூடவே போவதும் இல்லை. இரண்டும் சேரும் கோட்டில் பூச்சு பிளக்கிறது. சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் மறுபடி வரும். 6 முதல் 8 மி.மீ. அகலத்துக்குக் கீறி, நெகிழும் அக்ரிலிக் சீலன்ட் நிரப்பி, மேலே மொட்டை மாடியில் வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சோ கூல் டைல்ஸோ போடுங்கள். அறையும் குளிரும்.

வாசல் நிலைத் தூள் மாவு போல நைசாக இருக்கிறது, மண் குழல் எதுவும் இல்லை என்றால் அது கரையான் இல்லை, மரம் துளைக்கும் வண்டு. தூளைத் துடைத்துவிட்டுக் கறுப்புத் தாள் விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதுத் தூள் விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. துளைகளில் ஊசியால் மருந்து செலுத்தி மெழுகால் அடைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனை சுலபமாக இறங்கினால் நிலையை மாற்றுவதே மேல்.

மொட்டை மாடிக் கம்பிகளைக் காட்டி "மேலே இன்னொரு மாடி எடுத்துக்கலாம்" என்று சொல்வார்கள். அதை வைத்து விலையைக் கூட்டினால் ஏற்காதீர்கள். இத்தனை வருடம் மழையில் நின்ற கம்பியின் அடிப்பகுதியில் சுத்தியலால் தட்டினால் துரு செதில் செதிலாக உதிரும். கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். அஸ்திவாரம் எத்தனை மாடிக்குப் போட்டது என்பதற்கு வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், இது இப்போது நிற்கும் உயரத்தோடு முடிந்த வீடு என்று வைத்தே விலை பேசுங்கள்.

விற்பவர் அவசரப்படுத்தினால், சிறிய தொகையை மட்டும் முன்பணமாக வைத்து, கிரைய ஒப்பந்தத்தில் உங்கள் வக்கீலைக் கொண்டு இவற்றை எழுதச் சொல்லுங்கள். 15 நாளுக்குள் வாங்குபவர் தன் செலவில் இன்ஜினியரை வைத்துச் சோதிக்கலாம். கூடத்தில் ஒரு துளையும் கூரையில் மூன்று துளைகளும் போட விற்பவர் சம்மதிக்கிறார். அதுவரை பூச்சு, பெயிண்ட் வேலை எதுவும் செய்யக் கூடாது. தூணுக்கோ சுவருக்கோ 6 அடிக்குள் மூடிய கிணறு இருப்பதாகவோ, கான்கிரீட்டில் குளோரைடு வரம்பு மீறியிருப்பதாகவோ அறிக்கை வந்தால் முன்பணம் முழுதும் ஒரு வாரத்தில் திரும்ப வர வேண்டும். மூலப்பத்திர நகல்களைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். இந்த வாரத்திலேயே செய்யக்கூடிய, காசு செலவில்லாத சோதனை அந்தச் சொத்து விவரத்தைப் படிப்பதுதான்.